பகைவன் வாயில் வேற்றுமை உருபு



திரையிலே காட்டுமிராண்டி தோன்றினால் அவனுக்கு மூன்று அடையாளம் தருவர்: கரிய மேனி, உருட்டும் விழி, விளங்காத பேச்சு. 2015-இல் வெளிவந்த ‘பாகுபலி’யில் காலகேயருக்குத் தந்ததும் அதுவே. அவர்கள் பேசும் கிளிக்கியை ஆக்கியவர் நம் மதன் கார்க்கி. ஏறத்தாழ 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். மொழி ஆண்டவன் உடுக்கையிலிருந்து உதிர்ந்ததன்று, மனித மூளையில் முளைத்தது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமா? உழைப்பைப் போற்றுகிறோம். ஆனால், விதியோடு பிறந்த மொழி, வெறியன் எனக் காட்டப்படுவோன் வாயில் வெறும் அச்சமூட்டும் ஓசையாயிற்றே!

அமெரிக்கத் திரையிலும் இதே கதைதான். ‘ஸ்டார் டிரெக்’ கதைகளில் கிளிங்கான்கள் போர்வெறியர். 1984-இல் வந்த படத்துக்காக அவர்தம் மொழியை விரிவாக அமைத்தவர் மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழியியலார். 1985-இல் அகராதியும் வெளிவந்தது. ஆங்கிலச் செவிக்கு அது அயலாக ஒலிக்க வேண்டும் என்பது நோக்கம்.

அந்த அயலுக்குள் புகுந்து பார்ப்போமா? ‘ஜூஹ்’ என்றால் வீடு. ஆங்கிலேயன் ‘இன்’, ‘ஃப்ரம்’ என்பவற்றைப் பெயருக்கு முன்னே வைப்பான். கிளிங்கானோ உருபைப் பின்னே ஒட்டுகிறான். ‘ஜூஹ்டாக்’ என்றால் வீட்டில். ‘ஜூஹ்வோ’ என்றால் வீட்டிலிருந்து. மேற்பகுதிக்கு ‘டுங்’ என்றொரு பெயர்ச்சொல். அதனை வீட்டுக்குப் பின் நிறுத்தி உருபேற்றினால் ‘ஜூஹ் டுங்டாக்’, அதாவது வீட்டு மேற்புறத்தில்! வேறுபாடும் உண்டு: ‘வீட்டில் இரு’, ‘வீட்டுக்குப் போ’ என நாம் இரண்டு உருபால் பிரிப்பதை அவன் ‘டாக்’ ஒன்றாலேயே முடிக்கிறான், எது எனக் காட்டுவது வினை.

‘பரவையிலிருந்து மதுரைக்கு’ என்று நாள்தோறும் பேசும் பரவைச் சிறுவனுக்கு இதில் என்ன அச்சம்? அவன் நாக்கில் ஓடும் நெறிதானே இது! உடனே, ‘கண்டீரா, தமிழின் பெருமையை!’ என்று மார்தட்டவும் வேண்டா. இந்திக்காரனும் பின்னேதான் வைக்கிறான், சப்பானியனும் அப்படியே. முன்னே வைப்பது நாகரிகமும் அன்று; பின்னே வைப்பது காட்டுமிராண்டித்தனமும் அன்று. பிறப்பால் உயர்வு தாழ்வு மனிதருக்கு இல்லை என்போர், அமைப்பால் உயர்வு தாழ்வு மொழிக்கும் இல்லை என்று உணர்தல் வேண்டும்.

எனவே, திரையிலே கரியவன் உறுமும்போது கைகொட்டாதீர்; அவன் பேச்சில் உருபு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். உருபு இருக்குமிடத்தில் சிந்தனை இருக்கும். சிந்திப்பவனை விலங்கென்று காட்டுவது பொய்.

மேல், கீழ், உள், புறம் என ஏழாம் வேற்றுமைக்கு இடச்சொற்களை அடுக்கினார் தொல்காப்பியர். அந்தப் பட்டியலில் ‘அயல்’ என்ற சொல்லும் உண்டு. அங்கே அதன் பொருள் பகை அன்று, பக்கம்!