காது கேளாத பாடகருக்குப் பக்கவாத்தியம்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் உள்ள பொர்தெனோனே என்னும் சிறு நகரத்தில், 1982ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, மௌனப் படங்களுக்கென்றே ஆன விழா ஒன்று வருஷந்தோறும் நடந்து வருகிறது. காலையில் தொடங்கி நள்ளிரவு வரையில் படத்தின்மேல் படமாக ஓடிக்கொண்டிருக்க, வெண்திரையின் அடியில், கட்டைகளின்மேல் மாத்திரம் வெளிச்சம் விழும்படியான ஒரு சின்ன விளக்கை வைத்துக்கொண்டு, ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் எழுதிவைத்த இசை பெரும்பாலும் இல்லை. சில வேளைகளில் அந்தப் படத்தையே அவர் அப்பொழுதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். நீல் பிராண்ட், டொனால்டு சோசின், பியானோ வாசித்தபடியே புல்லாங்குழலையும் எடுத்து ஊதிவிடக்கூடிய ஸ்டீபன் ஹார்ன் முதலியவர்கள் இத்துறையில் பெயர் பெற்ற வித்வான்கள்.

நம் சங்கீத ரசிகர்களுக்கு இந்தக் கலையை விளக்க வேண்டிய சிரமமே இல்லை. இது முழுக்க முழுக்க மனோதர்மத்தால் ஆன பக்கவாத்தியம். ஆயினும் ஒரு பெரிய பேதம் உண்டு. கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் சற்று அடக்கம் தவறி வாசித்தாரானால், பாடகர் திரும்பி ஒரு பார்வை பார்த்தாலே போதும், கை தானாக அடங்கிவிடும்; நல்ல பிடி ஒன்று விழுந்தாலோ, பாடகரின் கற்பனையும் அதனால் கிளர்ந்து மேலே போகும். படமோ காது கேளாத பாடகர். அது பியானோக்காரருக்காகக் காத்திருப்பதும் இல்லை, அவரைக் கண்டிப்பதும் இல்லை, அவரால் உற்சாகம் அடைவதும் இல்லை. இம்முறையின் சிறப்பும் குறையும் இந்த ஒருதலைச் சம்பந்தத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

சிறப்பை முதலில் சொல்லிவிடலாம். மௌனப் படம் என்பது ஒரே உருவத்தில் நிலைத்து நிற்கிற வஸ்து அன்று. வினாடிக்கு 16 ஃபிரேம்கள் என்று ஓட்டினால் ஒரு நீளம், 24 என்று ஓட்டினால் மற்றொரு நீளம். தணிக்கையில் வெட்டுண்டது போக எஞ்சியது ஒரு பிரதி, எங்கோ ஒரு காப்பகத்தில் அகப்பட்ட துண்டுகளைச் சேர்த்து ஒட்டியது இன்னொரு பிரதி. எழுதி முடித்த இசை இந்த மாறுதல்களைத் தாங்குவதில்லை. மாணவப் பருவத்தில் லெனின்கிராடு கொட்டகைகளில் பியானோ வாசித்துப் பிழைத்த ஷோஸ்டகோவிச், 1929இல் 'நியூ பாபிலோன்' என்ற படத்திற்கு ஒரு முழு வாத்தியக் குழுவுக்கான இசையை எழுதினார். படம் வெளிவரும் தறுவாயில் அதில் கணிசமான பகுதியை வெட்டிவிட்டபடியால், திரையில் ஒன்றும் மேடையில் வேறொன்றுமாகி, அந்த இசை நெடுங்காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. கண்ணைத் திரையிலேயே பதித்துக் கையை மாத்திரம் கட்டைகளிடம் விட்டுவிடுகிறவருக்கு இந்த ஆபத்து இல்லை. செலவும் சொற்பம், ஆனால் அதைச் சிறப்பென்று சொல்வதைவிடச் சௌகரியம் என்று சொல்வதே பொருந்தும்.

இனிக் குறைக்கு வருவோம். பஸ்டர் கீட்டன் 1926இல் எடுத்த 'தி ஜெனரல்' படத்தில், காதலியால் கோழை என்று எண்ணப்பட்ட எஞ்சின் டிரைவர், தன் எஞ்சினின் பெரிய சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல், மனம் இடிந்து, வந்து உட்காருகிறான். எஞ்சின் மெல்ல நகரத் தொடங்குகிறது. தண்டோடு அவனும் மேலே எழும்பிக் கீழே இறங்கி மறுபடியும் எழும்புகிறான். துக்கத்தில் ஆழ்ந்திருக்கும் அவனுக்கோ அது தெரியவே இல்லை. ஹாஸ்யம் முழுவதும் அந்தத் தெரியாமையில் இருக்கிறது. இந்த இடத்தில் பியானோ ஏறி இறங்கிக் குதித்து, தண்டின் அசைவை ஸ்வரத்தில் நடித்துக் காட்டுமாயின், கீட்டன் தன் முகத்தில் சலனமே இல்லாமல் அடக்கி வைத்ததை அது ஊர் முழுவதற்கும் தண்டோரா போட்டுவிடுகிறது. சற்று முன் வாசித்த சோகத்தையே மாற்றாமல் நீட்டிக்கொண்டு போகுமாயின், சிரிப்பு நமக்குள்ளிருந்து தானே வருகிறது. முதல் வகை வாசிப்புக்குத்தான் கைதட்டல் அதிகம் என்பதையும், அதைக் கண்டிக்கப் படத்துக்கு வாயில்லை என்பதையும் சேர்த்து நினைத்தால், நோயின் மூலம் விளங்கும்.

இந்த நோய் பழமையானதுதான். 1924இல் எர்னோ ரப்பே என்பவர் கொட்டகைப் பியானோக்காரர்களுக்காக வெளியிட்ட தொகுப்பு, 52 வகை மனநிலைகளுக்கும் சந்தர்ப்பங்களுக்கும் தனித்தனியே இசையைத் தந்து, அவசரத்தில் புரட்டுவதற்கு வசதியாகப் பக்கத்தின் ஓரத்திலேயே தீ விபத்து, துரத்தல், தாலாட்டு என்று அட்டவணையையும் அச்சிட்டிருந்தது. (நமக்கு ஒன்பது ரசங்கள் போதுமாயிருந்தன!) அவற்றுள் 'கீழ்நாடு' என்பதும் ஒரு வகை, பாக்தாதாயினும் பீகிங்காயினும் ராஜபுதனமாயினும் அந்த ஒரே பாணி இசைதான். புத்தகம் மறைந்தாலும் பழக்கம் மறையவில்லை. இன்றும் வில்லன் கதவைத் திறந்தால் இடக்கை கட்டைகளின் அடிக்கோடியில் நடுங்கத் தொடங்கிவிடுகிறது.

'அக்காலத்தில் படங்களை இப்படிப் பியானோவோடுதான் காட்டினார்கள்' என்று வாதிப்பவர்களும் உண்டு. பாதி உண்மைதான். தனிப் பியானோ சிறு கொட்டகைகளுக்கு உரியது; பெருநகரங்களின் பெரிய தியேட்டர்களில் வாத்தியக் குழுவோ ராட்சத ஆர்கனோ முழங்கியது.

இந்த ஓயாத வாசிப்புக்கு நேர் எதிர்க் கோடியில் நின்றவர், பாரிஸில் உள்ள சினிமாதெக் என்னும் திரைப்படக் காப்பகத்தின் ஆன்றி லாங்லுவா. அவர் மௌனப் படங்களைச் சங்கீதம் சிறிதும் இல்லாமலே காட்டினார். அது அதிகப்படியான விரதம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒன்றரை மணி நேர நிசப்தத்தில், படத்தைவிடப் பக்கத்து நாற்காலிக்காரரின் இருமலே பெரிதாகிவிடும். ஆனால் அந்த விரதத்தில் அரைக்கால் பங்கையாவது பியானோக்காரர்கள் கைக்கொள்ளலாம். கீட்டன் படத்தில் எரியும் பாலம் இடிந்து, நிஜமான எஞ்சின் ஒன்று ஆற்றில் விழுகிற கட்டத்தில், கையைக் கட்டைகளிலிருந்து எடுத்துவிட்டு, பாலம் தாங்கும் என்று கட்டளையிட்ட தளபதியின் முகம் தோன்றும் வரையில் சும்மா இருக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஓசை நின்றால் சபை தம்மைக் குறை கூறும் என்ற பயம் அவர்களை விடுவதில்லை.

இக்காலத்தில் இவ்வாசிப்புகள் படத்தோடு சேர்ந்து குறுந்தட்டிலும் பதிவாகி வருவதால் குறை இரட்டிக்கிறது. அரங்கத்தில் அந்தக் கணத்தோடு மறைந்து மன்னிக்கப்படுகிற ஒரு தடுமாற்றம், தட்டில் நூறு முறையும் அதே இடத்தில் தடுமாறுகிறது, மனோதர்மம் கல்லெழுத்தாகிவிடுகிறது. வீட்டில் பார்ப்பவருக்கு ஒரு வசதியும் இல்லாமல் இல்லை. பத்து நிமிஷப் பகுதியொன்றை ஒலியை அடைத்துவிட்டு ஒருமுறையும், திறந்துவிட்டு ஒருமுறையும் பார்த்தால், பியானோ எங்கே படத்துக்குத் தொண்டு செய்தது, எங்கே தன் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொண்டது என்பது எவருடைய உதவியுமின்றிப் புலப்பட்டுவிடும்.