நூலில் தொங்கும் நெத்திலி: ஒரு வைன் பயணத்தை வாசித்தல்

ஒரு நாள் சுற்றுலாவையும் ஒரு நாவலைப் போல விமர்சனம் செய்யலாம். அதிலும் கதைசொல்லி உண்டு, வழிகாட்டிதான் அது. தொடக்கம், உச்சம், முடிவு உண்டு. யார் கதாபாத்திரம், யார் வெறும் பின்னணி என்ற தேர்வு உண்டு. எதைச் சொல்லாமல் விடுவது என்ற முடிவும் உண்டு. ஆகவே சென்ற அக்டோபரில் இத்தாலியின் பியட்மோண்ட் மாநிலத்தில், லாங்கே என்று அழைக்கப்படும் குன்றுகளில் நான் போய்வந்த வைன் சுவைக்கும் பயணத்தை இங்கே ஒரு பிரதியாகவே எடுத்துக்கொள்கிறேன். அதன் பக்கத்தில் வைத்து வாசிக்க அதே மண்ணில் பிறந்த இரண்டு நாவல்கள்: செசாரே பவேஸேயின் ‘நிலவும் பெருநெருப்பும்’ (1950), பெப்பே ஃபெனோலியோவின் ‘லா மலோரா’ (1954). இரண்டையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன்.

பயணத்தின் கட்டமைப்பு எளிமையானது. டூரினிலிருந்து காலை எட்டரைக்கு ஒரு வேன், எட்டுப் பேர். பார்பரெஸ்கோவில் ஒரு நிலவறை, ஆல்பா நகரில் மதியச் சாப்பாடு, லா மோர்ரா மேட்டில் நின்று குன்றுகளைப் பார்க்க இருபது நிமிடம், கடைசியாகப் பரோலோவில் இன்னொரு நிலவறை. மாலை ஆறரைக்குள் திரும்பிவிடலாம்.

முதலில் இந்தப் பிரதியின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, சுவைக்கக் கற்றுக்கொடுத்த விதம் அருமை. கோப்பையை வெள்ளைத் தாளுக்கு முன்னால் சாய்த்து நிறத்தைப் பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. பரோலோ, பார்பரெஸ்கோ இரண்டுமே நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்யப்படுபவை. பார்த்தால் வெளிறிய சிவப்பு, ஓரத்தில் லேசான ஆரஞ்சு. ‘இதில் என்ன இருக்கப்போகிறது’ என்றுதான் தோன்றும். வாயில் விட்டால் ஈறைப் பிடித்து இழுக்கிறது. அந்த உணர்வுக்கு ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களைத் தேடிக்கொண்டிருந்தார் அவர். நமக்கு ஒரே சொல் போதும்: துவர்ப்பு. கொட்டைப்பாக்கும் நெல்லிக்காயும் அதிக நேரம் ஊறிப்போன தே ஓவும் நம் நாக்குக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்த சுவை. அந்தத் துவர்ப்பு அடங்கத்தான் காத்திருப்பு. பரோலோ என்று பெயர் போட்டு விற்க, அறுவடை ஆண்டின் நவம்பரிலிருந்து குறைந்தது 38 மாதங்கள் ஆக வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில்.

‘நல்லாருக்கு’ என்று சொல்லிவிட்டு நகரும் நாக்கை நிறுத்தி, எது, எங்கே, ஏன் என்று கேட்க வைத்தது அந்தப் பாடம். நல்ல இலக்கிய விமர்சனம் செய்வதும் இதைத்தானே?

சிக்கல் கதையில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் பரோலோவின் சீமாட்டியாக இருந்தவர் ஜூலியா ஃபல்லெத்தி. உங்கள் வைனை இன்னும் நான் சுவைக்கவில்லையே என்று மன்னர் கார்லோ அல்பெர்த்தோ கேட்டாராம். சீமாட்டி 325 பீப்பாய்களை வண்டிகளில் ஏற்றி அனுப்பினாராம். நாளுக்கு ஒன்று, தவக்காலத்தின் 40 நாட்களைக் கழித்துக்கொண்டார். இது ஐதீகம் என்பதை வழிகாட்டியே சொன்னார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அழகான கதைதான். அதற்கடுத்து வந்தது 2014. இந்தத் திராட்சைக் குன்றுகளை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த ஆண்டு. இரண்டுக்கும் இடையில் கிடந்த ஒன்றரை நூற்றாண்டைப் பற்றி ஒரே வாக்கியம்: ‘பிறகு கஷ்டமான காலங்கள் இருந்தன.’

நான் பினாங்கில் ஓர் மின்னணு ஆலையில் தரப் பொறியாளராக இருக்கிறேன். ஒரு பலகை பழுதாகித் திரும்பி வந்தால், அதன் வரிசை எண்ணை வைத்து எந்த நாள், எந்த இயந்திரம், எந்த ஷிஃப்ட், யார் கை என்பதுவரை பின்னோக்கிப் போய்விடலாம். பரோலோ போத்தலும் கிட்டத்தட்ட அப்படித்தான். கழுத்தில் எண்ணிட்ட அரசு முத்திரைத் தாள். அறுவடை ஆண்டு. எந்தக் குன்றின் எந்தச் சரிவு என்பதைக்கூட 2010 முதல் அதிகாரபூர்வமாக லேபிளில் போட முடிகிறது. மண்ணுக்குத் தடம் இருக்கிறது, மழைக்குத் தடம் இருக்கிறது. கைக்கு மட்டும் இல்லை. லேபிளில் இடம் போதாது என்று விட்டுவிடலாம். பத்து மணிநேரம் நீளும் ஒரு கதையிலும் இடம் இல்லையென்றால், அது கதைசொல்லியின் தேர்வு.

ஆல்பாவில் சாப்பாட்டின் முதல் தட்டில் உப்பிட்ட நெத்திலி வந்தது; பார்ஸ்லி இலையும் பூண்டும் அரைத்த பச்சைச் சாறில் ஊறியது. ‘இது பழைய விவசாயிகளின் உணவு’ என்றார் வழிகாட்டி. உண்மைதான். ஆனால் அந்த நெத்திலியை விவசாயி எப்படிச் சாப்பிட்டான் என்பதற்கு ‘லா மலோரா’வுக்குப் போக வேண்டும். மலோரா என்றால் நாசம், கேடு. அகோஸ்தினோ என்ற இளைஞனை அவன் வீட்டார் தோபியா என்பவரிடம் ஆண்டுக்கூலிக்கு விட்டுவிடுகிறார்கள். தோபியாவும் நிலக்காரர் இல்லை. விளைச்சலில் பாதியை ஆல்பாவில் இருக்கும் முதலாளிக்குக் கொடுக்கும் வாரக்குடி. அந்த வீட்டில் மதியமும் இரவும் சோளக்களி. உத்தரத்திலிருந்து நூலில் ஒரு நெத்திலி தொங்கும். ஒவ்வொருவரும் முறைவைத்துத் தங்கள் களியை அதில் தேய்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் அடி விழும். நெத்திலி தன் உருவத்தையே இழந்த பிறகும் தேய்ப்பது சில நாட்கள் தொடரும்.

ஃபெனோலியோ இதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. இரக்கம் கேட்பதில்லை, யாரையும் வில்லனாக்குவதில்லை. அடிக்கும் தோபியாவும் அதே களியைத்தான் தின்கிறார். சுரண்டப்படுபவனே இன்னொருவனைச் சுரண்டாமல் பிழைக்க முடியாத ஏற்பாடு அது. தோட்டத்து நாவல்களை வாசித்து வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வழிகாட்டி ஃபெனோலியோவை மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆல்பா அவர் பிறந்த ஊர். 1944 அக்டோபரில் போராளிகள் இந்நகரத்தைப் பாசிஸ்டுகளிடமிருந்து மீட்டு 23 நாட்கள் வைத்திருந்ததையும், அதைக் கதையாக்கியவர் ஃபெனோலியோ என்பதையும் பெருமையோடு சொன்னார். போர் எழுத்தாளர் ஃபெனோலியோவுக்குப் பயணத்தில் இடம் இருந்தது. பசி எழுத்தாளர் ஃபெனோலியோவுக்கு இல்லை. இதில் வேடிக்கை, ஃபெனோலியோவுக்குச் சோறு போட்டதே வைன்தான். ஆங்கிலமும் பிரெஞ்சும் நன்றாகத் தெரிந்ததால் 1947 முதல் ஆல்பாவின் ஒரு வைன் நிறுவனத்தில் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதும் வேலை பார்த்தவர் அவர். வைனை விற்கும் கடிதங்களும் ‘லா மலோரா’வும் ஒரே கை எழுதியவை.

பவேஸேயின் நாவல் வேறு மாதிரி. அதன் கதைசொல்லி அநாதை. விலாங்கு என்று பொருள்படும் அங்குயில்லா என்பது பட்டப்பெயர். அவனை வளர்க்க மாதாமாதம் பணம் வரும் என்பதற்காகவே ஓர் ஏழைக் குடும்பம் எடுத்து வளர்த்தது. அமெரிக்கா போய்க் காசு சம்பாதித்து, போருக்குப் பிறகு ஊர் திரும்புகிறான். விடுதியில் தங்கி, குன்றுகளைப் பார்த்து, பழைய வாசனைகளை நினைத்துக்கொள்கிறான். எனக்கென்னவோ, லா மோர்ரா மேட்டில் நாங்கள் எட்டுப் பேரும் நின்று பார்த்த பார்வை அவனுடையதுதான் என்று பட்டது. பவேஸேயின் மேதைமை, அந்தப் பார்வையை அவர் நிம்மதியாக விட்டுவைக்காததில் இருக்கிறது. அங்குயில்லா வளர்ந்த அதே வீட்டில் இப்போது வலினோ என்ற வாரக்குடி. நிலக்காரம்மா வந்து அவரையையும் உருளைக்கிழங்கையும் பங்கு பிரித்துக்கொண்டு போன பிறகு, வலினோ வீட்டுப் பெண்ணை அடித்துக் கொன்று, வீட்டைக் கொளுத்தி, தூக்கில் தொங்குகிறான். நிலத்தை எழுப்புவதற்காக வயலோரம் மூட்டப்படும் நெருப்பு என்ற அழகான நம்பிக்கை, நாவலுக்குள்ளேயே இப்படி உருமாறுகிறது.

இருந்தாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் ஃபெனோலியோ பக்கம். பவேஸேயிடம் நிலவு இருக்கிறது, தொன்மம் இருக்கிறது. தூரத்தில் நின்று துக்கப்படும் வசதி இருக்கிறது. அந்தத் துக்கத்தை ஒரு கோப்பை வைனோடு சேர்த்து அருந்திவிட முடியும். ‘லா மலோரா’வை அப்படி அருந்த முடியாது. அகோஸ்தினோவுக்குக் குன்று என்பது பெரும்பாலும் ஏறவேண்டிய ஒன்று. நின்று பார்க்க அவனுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

ஒரு விளக்கம் அவசியம். ‘லா மலோரா’ நடப்பது பரோலோவில் அல்ல; இன்னும் உயரத்தில், இன்று ஹேசல்நட் விளையும் மேல் லாங்கேயில். சுற்றுலா வேன்கள் அதிகம் ஏறாத பகுதி. ஆனால் கீழ்க்குன்றுகளும் அப்படியொன்றும் செழிப்பில் கிடக்கவில்லை. நூத்தோ ரெவெல்லி இந்த மாவட்டத்து விவசாயிகளை நேரில் பேசவைத்துப் பதிவுசெய்து 1977-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘தோற்றவர்களின் உலகம்’. 1985-இல் பெண்களின் குரல்களைத் தனி நூலாக்கினார். குன்றுகளில் வாழ்க்கைப்பட உள்ளூர்ப் பெண்கள் மறுத்ததால், தெற்கே கலாப்ரியாவிலிருந்து மணப்பெண்கள் வரவழைக்கப்பட்ட கதைகள் அதில் உண்டு. புதிதாக வார ஒப்பந்தம் போடுவதைச் சட்டம் தடைசெய்தது 1964-இல்தான். அதற்குள் இளைஞர்கள் டூரினின் கார் ஆலைகளுக்கும் ஆல்பாவின் இனிப்பு ஆலைக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். 1986-இல் இதே மாவட்டத்திலிருந்து போன, மெத்தனால் கலந்த மலிவு வைனைக் குடித்து இத்தாலியில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று நாம் பார்க்கும் பரோலோவின் மினுமினுப்புக்கு வயது மிகக் குறைவு. வழிகாட்டியின் ஒற்றை வாக்கியத்துக்குள் அடைபட்டுக் கிடந்தவை இவ்வளவும்.

இதையெல்லாம் சொன்னபோது நண்பர் ஒருவர் கேட்டார்: “ஏன்பா, காசு கட்டி சந்தோஷமா இருக்கப் போன எடத்துல பட்டினிக் கதைய ஏன் தேடுற?” நியாயமான கேள்வி. செழிப்பு குற்றமல்ல. அகோஸ்தினோவைக் கேட்டால், தன் பேரப்பிள்ளைகள் களியில் நெத்திலி தேய்க்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான். அவர்களின் வறுமைதான் உண்மை, இப்போதைய வசதி போலி என்று வெளியூரிலிருந்து போய்ச் சொல்வதும் இன்னொரு வகைச் சுற்றுலாத்தனமே.

ஆனால் மறைத்ததால் பயணத்தின் கதையே பலவீனமாகிப்போனது. பரோலோ நிலவறையின் உரிமையாளருக்கு அறுபது வயதிருக்கும். உங்கள் தாத்தா என்ன செய்தார் என்று வழிகாட்டி மூலம் கேட்டேன். வாரக்குடியாக இருந்தார் என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆலைக்குப் போனபோது நிலம் மலிந்தது; அப்பா கொஞ்சம் வாங்கினார்; எல்லாரும் தப்பி ஓடும் இடத்தில் நீ மட்டும் ஏன் வாங்குகிறாய் என்று பாட்டி அழுதாராம். வழிகாட்டி அதை இரண்டு வாக்கியத்தில் மொழிபெயர்த்துவிட்டு மணி பார்த்தார். எனக்கு அந்த நாளின் உச்சம் அதுதான். 325 பீப்பாய்க் கதையைவிட அந்தப் பாட்டியின் அழுகையில் எவ்வளவு நாடகம் இருக்கிறது! துவர்ப்பு அடங்க 38 மாதம் காத்திருப்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள், இதைச் சொல்ல ஏன் கூச்சப்பட வேண்டும்?

கூச்சத்துக்கு விலையும் உண்டு. நேற்றைய கை கதையில் இல்லையென்றால் இன்றைய கையும் கண்ணில் படாது. லாங்கேயில் இப்போது திராட்சை பறிப்பவர்களில் பலர் வட மாசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். இடைத்தரகர்கள் வழியாக விவசாயக் கூலிகளைச் சுரண்டுவதற்கு எதிராக இத்தாலி 2016-இல் சட்டத்தைக் கடுமையாக்கியது. அந்தச் சட்டம் தேவைப்பட்ட நாட்டின் ஒரு பகுதிதான் இந்த அழகான குன்றுகளும். நாங்கள் போனது அறுவடைக் காலம். சாலையோரச் சரிவுகளில் குனிந்திருந்தவர்களை வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

லாங்கேக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். கட்டாயம் போங்கள். ‘லா மலோரா’ சின்ன நாவல். கோலாலம்பூரிலிருந்து விமானம் ஏறினால் இறங்குவதற்குள் முடித்துவிடலாம். நிலவறையில் எந்த ஆண்டு, எந்தச் சரிவு என்று கேட்கும்போது, கூடவே இதையும் கேளுங்கள்: இந்த வருஷம் இங்கே பறித்தவர்கள் யார்? பெரும்பாலும் பதில் சொல்வார்கள். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.