கப்ளர் பின்னுக்கு எந்த கிரிம்ப்பர்? சில குறிப்புகள், ஒரு புகார்

முகப்பேருக்கு ஒரு பக்கம் பாடி, இன்னொரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட். பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1960களிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்துகொண்டிருக்கிறது. வண்டிக்கு வயரிங் செய்கிற தொழிற்சாலையில் பின்னை வயரில் அழுத்தியதோடு வேலை முடியாது. அழுத்திய இடத்தின் உயரத்தை மைக்ரோமீட்டரில் அளப்பார்கள். மாதிரிக்குச் சிலவற்றை இழுத்துப் பார்ப்பார்கள், குறுக்கே வெட்டியும் பார்ப்பார்கள். அந்த வண்டியே நாலு வருஷம் கழித்து நம்ம தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வரும்போது, நோஸ் பிளையரால் மடக்கி, ஒரு சொட்டு ஈயம் வைத்து, டேப் சுற்றி அனுப்பிவிடுகிறோம்.

அந்த எலக்ட்ரீஷியன் மேல் எனக்குப் புகார் இல்லை. அவருக்கு விற்கப்படும் டூல் மேல்தான் புகார். கடையில் கேட்டால் "ராட்செட் இருக்கு சார், ஹெவி ட்யூட்டி" என்பார்கள். எந்த டெர்மினலுக்கு என்று கேட்டால் "எல்லாத்துக்கும் வரும்." இந்த "எல்லாத்துக்கும்" என்பதுதான் பொய். பின்னைப் பார்த்துவிட்டு டூலைத் தேடணும். நாம் டூலை வாங்கிவிட்டுப் பின்னை அதற்குள் திணிக்கிறோம்.

வண்டி கப்ளருக்குள் இருக்கும் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன் ஜோடி செப்பு இழைகளைப் பிடிக்க, பின் ஜோடி இன்சுலேஷனைப் பிடிக்க. முன் ஜோடியின் இரண்டு நுனிகளும் உள்பக்கமாகச் சுருண்டு இழைகளுக்குள் இறங்க வேண்டும். இழைகள் நசுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவே காற்று புக இடமில்லாமல் ஆகணும். காற்று போனால் ஈரமும் போகும், செப்பு கறுக்கும். பின் ஜோடிக்கு மின்சாரத்தோடு சம்பந்தமே இல்லை. வண்டியின் அதிர்வு செப்பு இழைக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை.

சரியாக அழுத்தாவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் போடலாம். 55 வாட் ஹெட்லைட் 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். மோசமான கிரிம்ப்பில் 0.1 ஓம் மின்தடை வந்தால் கிட்டத்தட்ட அரை வோல்ட் அங்கேயே போய்விடும். கூடவே 2 வாட் சூடு, அதுவும் அரிசி மணி அளவு இடத்தில். ஹெட்லைட் கப்ளர் பழுப்பாகி உருகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பல்பைத் திட்டுவோம், ரிலேவைத் திட்டுவோம். பல சமயம் குற்றவாளி அந்த 2 வாட்தான். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வந்தபின் பைக்குகளும் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. அங்கே சென்சார்கள் 5 வோல்ட்டுக்குள் பேசுகின்றன. ஹாரன் வயரில் பொறுத்துக்கொண்ட லூஸ் கனெக்‌ஷனை சென்சார் வயரில் இன்ஜின் பொறுத்துக்கொள்ளாது.

"ஈயம் வெச்சா கெட்டிதானே?" என்பது அடுத்த வாதம். ஈயம் இழைகளுக்குள் ஊறி மேலே ஏறும். ஏறிய தூரம் வரை வயர் விறைத்துக் கம்பி மாதிரி ஆகும். அது முடிகிற இடத்தில்தான் வளைவு முழுதும் விழும், அங்கேயே ஒருநாள் ஒடியும். ஹேண்டில்பாருக்கு அடியில் ஓடும் வயரில் இது சீக்கிரமே நடக்கும். முதலில் ஈயம் பூசிவிட்டுப் பிறகு கிரிம்ப் செய்வது இன்னும் மோசம். ஈயம் மெதுவாக நசுங்கி விலகி, பிடி தளர்ந்துவிடும்.

இனி டூல்களுக்கு வருவோம். சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளி வைத்த கிரிம்ப்பிங் பிளையர் பிளாஸ்டிக் உறை போட்ட லக்குக்கானது. அந்த வேலைக்கு அது நல்ல டூல். இறக்கை வைத்த பின்னை அதில் வைத்தால் சப்பையாக்கும், சுருட்டாது.

ஆன்லைனில் அதிகம் விற்கும் எஸ்என்-28பி வகை ராட்செட் டூல் 0.1 முதல் 1.0 சதுர மி.மீ. வயருக்கானது. சின்ன எலக்ட்ரானிக்ஸ் பின்னுக்கு நன்றாகவே செய்கிறது. ரிலே சாக்கெட்டின் 6.3 மி.மீ. டெர்மினலை அதில் திணிப்பதுதான் தப்பு. அதற்கு எஸ்என்-48பி வகை வேண்டும். ராட்செட் செய்வது ஒன்றே ஒன்று: முழுசாக அழுத்தாமல் விடாது. தப்பான டையாக இருந்தால் தப்பையும் முழுசாகவே செய்து கொடுக்கும்.

ரிப்பேர் வேலைக்கு என் ஓட்டு ஜப்பானின் எஞ்சினியர் பிஏ-09, பிஏ-21 வகைக்கு. இதில் ராட்செட் கிடையாது. செப்பு இறக்கையைத் தனியாக, இன்சுலேஷன் இறக்கையைத் தனியாக அழுத்தணும். பிஏ-09-இல் 1.0, 1.4, 1.6, 1.9 மி.மீ. என நான்கு பள்ளங்கள்; பிஏ-21 இன்னும் பெரிய பின்களுக்கு. மெதுவான வேலை, கைப்பழக்கம் வேணும். ஆனால் ஒரே நாளில் ஆறு கம்பெனி கப்ளர் வருகிற கடைக்கு, இரண்டு அழுத்தத்தையும் தனித்தனியாகத் தீர்மானிக்க முடிவது பெரிய வசதி.

இரண்டு விதிவிலக்குகள். தண்ணீர் புகாத கப்ளரில் வயர்மேல் ரப்பர் சீல் இருக்கும். அங்கே பின் ஜோடி சீலைச் சுற்றி வட்டமாக அணைக்கணும். உள்ளே சுருண்டு இறங்கினால் ரப்பர் கிழியும், முதல் மழையிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது, லாரி, ஜேசிபி வண்டிகளில் வரும் டாய்ச் டிடி கப்ளர். அதில் உருண்டையான பின் உண்டு, இறக்கையே கிடையாது. சுற்றிலும் பல பக்கங்களிலிருந்து குத்துகிற தனி டூல் வேண்டும். விலை அதிகம்தான். ஒரே தெருவில் உள்ள நாலு கடை சேர்ந்து ஒன்று வாங்கி வைக்கலாம்.

அளவிலும் ஒரு சிக்கல். நம் கடைகளில் வயர் 0.5, 0.75, 1, 1.5 சதுர மி.மீ. என்று கிடைக்கும். டூலில் ஏடபிள்யூஜி எண் இருக்கும். 20 என்றால் 0.52, 18 என்றால் 0.82, 16 என்றால் 1.31 சதுர மி.மீ. நம்ம 1 சதுர மி.மீ. வயர் 18-க்கும் 16-க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. 16-இல் போட்டால் தொளதொள, 18-இல் போட்டால் இறுக்கம் கூடும். அதனால் எண்ணை நம்பாமல் இழுத்துப் பார்ப்பதே வழி.

மைக்ரோமீட்டர் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். யுஎல் 486ஏ தரநிலை 18 ஏடபிள்யூஜி வயருக்குக் கேட்பது 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ. 6.3 டெர்மினல் ஒன்றில் செப்பு இறக்கையை மட்டும் அழுத்துங்கள்; இன்சுலேஷன் இறக்கையை மடக்க வேண்டாம், அது பொய்ப் பலம் காட்டும். தண்ணீரோடு சேர்த்து 9 கிலோ வரும் வாளியை வயரில் ஒரு நிமிஷம் தொங்கவிடுங்கள். வயர் உருவி வந்தால் அழுத்தம் போதவில்லை. இறக்கைக்கிட்டேயே இழை அறுந்தால் அழுத்தம் அதிகம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு டூல் வாங்கப் போகிறவர்கள் தாங்கள் தினமும் போடுகிற பின்களில் பத்தும், அரை மீட்டர் வயரும் பாக்கெட்டில் எடுத்துப் போங்கள். காசு கொடுக்கும் முன் கடையிலேயே அழுத்திப் பாருங்கள். இரண்டு நுனியும் சுருண்டு உள்ளே இறங்கியிருந்தால் வாங்கலாம். "எல்லாத்துக்கும் வரும்" என்று சொல்லிவிட்டு அழுத்திப் பார்க்க விடாத கடை என்றால், அடுத்த கடைக்குப் போங்கள்.