திடலில் ஒரு திரை

வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுவதற்கும் கைப்பழக்கம் வேண்டும். ஜொகூரில் கடற்காற்று கிளம்பிவிட்டால் அது கப்பல்பாய் போலப் புடைத்துக்கொள்ளும். அடியோரத்தில் தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தொங்கவிட்டால்தான் அடங்கும். புரொஜெக்டரைப் போட்டதும் ஒளியைத் தேடி ஈசல் வரும். திரையில் ஆமை நீந்த, அதன் முதுகின் மேல் ஈசலின் நிழல் பூதமாய் ஊர்ந்து போகும். பிள்ளைகளுக்கு அதுதான் முதல் வேடிக்கை.

2008-இல் தொடங்கிய கோலாலம்பூர் சுற்றுச்சூழல் திரைப்பட விழா போன்றவை நல்ல படங்களைக் கொண்டுவருகின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் இயற்கைப் படத்துக்குப் பொருத்தமான இடம் திடலும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் என்பேன். விளக்கவுரை மலாயில் ஓடும். பேரப்பிள்ளை பாட்டியின் காதில் அதைத் தமிழாக்கிக் கிசுகிசுக்கும், ஒரு வாக்கியம் பின்தங்கியே. அதனால் சிரிப்பு இரண்டு தவணையாக எழும்: முதலில் இளசுகள், பிறகு பாட்டிகள். கடலடியில் ஆவுளியா என்னும் கடற்பசு புல் மேயும்போது மட்டும் மொழிபெயர்ப்பு நின்றுவிடும். அந்தக் கனத்த உதடு புல்லைப் பிடுங்க, மணல் புகையாய்க் கிளம்பும், பார்த்தாலே போதும். "இது நம்ம மெர்சிங் பக்கமே இருக்குதுண்ணே" என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள். உண்மைதான், சிபு தீவு, திங்கி தீவு ஓரத்துக் கடற்புல் வெளிகளில் ஆவுளியா மேய்கிறது.

உங்கள் வட்டாரத்தில் இப்படியொரு படம் போட்டால் தவறவிடாதீர்கள். கொசுவத்தியை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.