எட்டு மணி நேரம் படுத்தால் எட்டு மணி நேரம் உறங்கியதாகுமா?

பகல் உணவுக்குப் பின் வரும் முதல் வகுப்பு, ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒருங்கே சோதனையானது. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய வகுப்பு ஒன்றில் தனி ஊசலைப் பற்றி விளக்கிக் கொண்டிருந்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு மாணவர் தலை கவிழ்ந்து தூங்கிவிட்டார். எழுப்பி, "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று கேட்டேன். "ஒன்பது மணிக்கே படுத்துட்டேன் சார்." "எப்போ எழுந்தே?" "அஞ்சு மணிக்கு சார். அஞ்சரை பஸ்ஸைப் பிடிக்கணும்." கணக்கு எட்டு மணி நேரம் வந்தது. "எட்டு மணி நேரம் தூங்கியும் போதவில்லையா?" என்று கேலி செய்து, மணி அடிக்கும் வரை அவரை நிற்க வைத்தேன்.

அந்தக் கணக்கில் இருந்த பிழையை எனக்கு உணர்த்தியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. பெட்ரோ பெஸ்ஸோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்டு, மேட்டி டோமா ஆகிய ஐவர் செய்த இந்த ஆய்வு, 2021-ஆம் ஆண்டில் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' என்னும் பொருளியல் ஏட்டில் வெளிவந்தது. நம் மாநிலத்து ஏழை மக்களின் உறக்கத்தை அவர்கள் வீட்டிலேயே கருவி கொண்டு அளந்த அருமையான முயற்சி இது. ஆயினும் இதன் முடிவுகளை அவசரமாகப் படிப்போர் தவறான பாடம் கற்றுக்கொள்ளக்கூடும் என்பதால், இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஆய்வு நடந்த விதம்

குறைந்த வருமானமுள்ள 452 பேரை, கணிப்பொறியில் விவரங்களைப் பதிவு செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஒரு மாத காலம் அமர்த்தினர். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கடிகாரம் போன்ற ஒரு கருவி கட்டப்பட்டது. அவர்கள் இரவில் சராசரியாக எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தனர். உறங்கியதோ ஐந்தரை மணி நேரமே. அதாவது, படுத்திருந்த நேரத்தில் நூற்றுக்கு 69 பங்குதான் உறக்கம். உடல்நலமுள்ளவருக்கு இது 85-க்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பர் மருத்துவர். சென்னைத் தொழிலாளர் பெற்ற விகிதம், உறக்க நோயுள்ளவர்களிடம் காணப்படும் அளவை ஒத்திருந்தது. புழுக்கம், இரைச்சல், கொசு, இட நெருக்கடி, மனக்கவலை ஆகியன அவர்களை இரவெல்லாம் எழுப்பிக்கொண்டே இருந்தன.

பிறகு அவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு உறக்கத்தின் சிறப்பை எடுத்துக் கூறி, கண்மறைப்பு, காதடைப்பான், கட்டில், தலையணை, மேசை விசிறி போன்றவற்றைக் கொடுத்து உதவினர். அவர்களுள் சிலருக்கு, கூடுதலாக உறங்கினால் ஊக்கத்தொகையும் உண்டு. மூன்று வார முடிவில் இரவு உறக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியிருந்தது. வேறொரு குலுக்கலில் தேர்ந்தவர்களுக்கு, பணியிடத்திலேயே பிற்பகலில் அரை மணி நேரம் அமைதியான இடத்தில் கண்ணயர வாய்ப்பளித்தனர்.

எதிர்பாராத முடிவு

இரவு உறக்கம் கூடினால் கவனமும் உழைப்பின் பயனும் பெரிதும் உயரும் என்றே வல்லுநர்கள் முன்கூட்டிக் கணித்திருந்தனர். அவ்வாறு நிகழவில்லை. கூடுதலான 27 நிமிடத்தால் கவனம், வேலைத்திறன், முடிவெடுக்கும் ஆற்றல், மனநலம் எதிலும் புலப்படும் மாற்றம் இல்லை. வேலை செய்த நேரம்தான் சிறிது குறைந்தது. ஆனால் பிற்பகல் சிறுதுயில் பயன் தந்தது. வேலைத்திறன், மனநலம், அறிவுத்திறன் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த குறியீடு 0.12 திட்ட விலக்கம் அளவுக்கு உயர்ந்தது. இதை மாணவர்க்கு இப்படி விளக்கலாம்: ஒரு வகுப்பின் மதிப்பெண்களுக்குத் திட்ட விலக்கம் 15 என்றால், இந்த உயர்வு ஏறத்தாழ இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். சிறிய உயர்வுதான், ஆனால் அரை மணி ஓய்வுக்குக் கிடைத்த உயர்வு.

இதிலிருந்து, "ஏழைகளுக்கு இரவில் ஐந்தரை மணி நேர உறக்கமே போதும்" என்று முடிவு கட்டலாமா? கூடாது. அதற்கான காரணங்களைக் காண்போம்.

கருவி எதை அளந்தது?

எந்த அளவீட்டைப் பார்த்தாலும், கருவி எதை அளக்கிறது என்பதே பௌதிகம் கற்றவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மணிக்கட்டுக் கருவியினுள் இருப்பது முடுக்கமானி. அது அளப்பது கையின் அசைவை, உறக்கத்தை அன்று. அசைவில்லையேல் உறக்கம் என்று கணக்கிடப்படுகிறது. கவலையோடு கூரையைப் பார்த்தபடி அசையாது கிடப்பவரையும் அது உறங்குபவராகவே எண்ணிவிடக்கூடும். எனவே ஐந்தரை மணி என்பதும் சற்றுத் தாராளமான கணக்காகவே இருக்கலாம்.

மேலும், உறக்கம் ஒரே சீரானதன்று. 1953-ஆம் ஆண்டில் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் கட்டம் ஒன்று உண்டெனக் கண்டு வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அக்கட்டத்திலேயே தோன்றுகின்றன. மேலோட்டமான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவுறக்கம் எனச் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்று திரும்புகிறது. இக்கட்டங்களை ஐயமின்றிப் பிரித்தறிய மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய வேண்டும், கையசைவு போதாது. ஆகவே, கூடிய 27 நிமிடத்தில் ஆழ்ந்த உறக்கம் எவ்வளவு, கனவுறக்கம் எவ்வளவு என்பதைக் கைக்கருவியால் சொல்ல முடியாது.

விட்டு விட்டு ஓடும் மோட்டார்

அடுத்த கேள்வி, எது கூடியது என்பது. மக்கள் கூடுதல் நேரம் படுத்திருந்ததால்தான் உறக்கம் கூடியது. அதே 69 விழுக்காட்டில் கணக்கிட்டால், 27 நிமிடம் உறங்க 39 நிமிடம் படுத்திருக்க வேண்டும். உறக்கத்தின் அளவு ஏறியது. அதன் தொடர்ச்சி சீர்பட்டதாகத் தெரியவில்லை.

தருமபுரி வட்டார உழவர் எவரும் இந்த வேறுபாட்டை எளிதில் விளக்குவார். மும்முனை மின்சாரம் ஐந்து மணி நேரம் தொடர்ந்து வந்தால் கடைசிப் பாத்தி வரை நீர் பாயும். அதே ஐந்து மணி நேரம் பத்துப் பத்து நிமிடமாகத் துண்டுபட்டு வந்தால், ஒவ்வொரு முறையும் காய்ந்த வாய்க்கால் நனைவதற்கே தண்ணீர் சரியாகிவிடும். மணிக்கணக்கு ஒன்றுதான்; கடைசிப் பாத்தி மட்டும் காய்ந்து கிடக்கும். இன்னும் அரை மணி நேரம் அப்படியே விட்டு விட்டு ஓட்டினாலும் பெரும் பயன் இராது. உறக்கமும் இத்தகையதே. அடிக்கடி கலைக்கப்பட்ட உறக்கம், மொத்த நேரம் பெரிதும் குறையாதபோதும் மறுநாள் கவனத்தைத் தளர்த்துகிறது என்பதை வேறு சோதனைகள் காட்டியுள்ளன. தரக்குறைவான உறக்கம் ஒரு காரணமாகலாம் என்பதைச் சென்னை ஆய்வாளர்களும் எண்ணிப் பார்த்துள்ளனர். அமைதியான இடத்தில் பெற்ற சிறுதுயில் பயன்பட்டதும் இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது; முழுமையாக மெய்ப்பித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, உறக்கம் குறைந்தால் தீங்கில்லை என்று இந்த ஆய்வு சொல்லவே இல்லை. 2003-இல் வான் டோங்கன் குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், நலமான 48 பேருள் சிலர் பதினான்கு இரவுகள் நான்கு அல்லது ஆறு மணி நேரமே படுக்க விடப்பட்டனர். எதிர்பாராத இடைவெளிகளில் தோன்றும் குறியைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். அரை நொடிக்கு மேல் தாமதித்தால் அது கவனப்பிசகு. இச்சோதனையில் அவர்களின் பிசகுகள் நாளுக்கு நாள் பெருகின. தாங்கள் அவ்வளவு தளர்ந்திருப்பதை அவர்களே உணரவில்லை என்பதுதான் அஞ்சத்தக்க செய்தி. உறக்கம் குறைவதால் வரும் தீங்கு ஒன்று. நெடுங்காலமாகக் கெட்டுப்போன உறக்கத்தோடு மூன்று வாரம் சிறிது சேர்ப்பதால் வரும் பயன் வேறொன்று. இரண்டையும் ஒரே கோட்டின் இரு முனைகளாகக் கொள்ள முடியாது.

அரை மணி நேரம் யாருடையது?

சிறுதுயிலைப் பற்றியும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. உறங்காமல் வெறுமனே ஓய்ந்திருந்தவர்களைவிடக் கண்ணயர்ந்தவர்கள் கூடுதலாக ஈட்டினர். ஆனால் அந்த அரை மணியிலும் வேலை செய்தவர்களைவிடக் குறைவாகவே ஈட்டினர். செய்த வேலைக்கு ஏற்பக் கூலி பெறுபவர்க்கு, உறக்கம் கைக்காசைச் செலவழிக்கும் சங்கதி. பெங்களூரில் கட்டட வேலைக்குச் செல்லும் நம் மாவட்டத்தாரிடம் "மதியம் சற்றுத் தூங்குங்கள்" என்று அறிவுரை கூறுவது எளிது. அந்த அரை மணிக்குக் கூலி தருவது யார் என்பதே கேள்வி.

இனி வரும் ஆய்வுகள் படுக்கை நேரத்தை நீட்டுவதோடு நில்லாமல், புழுக்கத்தையும் கொசுவையும் இரைச்சலையும் மெய்யாகவே குறைத்து, மாதக்கணக்கில் அளந்து பார்க்க வேண்டும். அதுவரை, இந்த ஆய்வின் உறுதியான பாடம் அதன் முதல் எண்களிலேயே உள்ளது: படுக்கையில் எட்டு மணி, உறக்கம் ஐந்தரை மணி.

மாணவ நண்பர்கள் ஒரு வாரம் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்ததாக நினைவுள்ள தடவைகள், விழிக்கக் காரணம் ஆகியவற்றைக் காலையில் குறித்து வையுங்கள். காரணங்களுள் உங்களால் களையக்கூடியது எது என்பது தெரியவரும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிற்பகலில் ஒரு மாணவர் கண்ணயர்ந்தால், எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். இரவில் எத்தனை முறை விழித்தாய், ஏன் விழித்தாய் என்றும் கேளுங்கள். நான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.