பாரியின் தேரும் தொலைக்காட்சிக் காரும்

மேடையிலே விளக்குகள் வெள்ளமாய்ப் பாய்கின்றன. நடுவிலே, நாடா கட்டிய புத்தம் புதிய கார். பக்கத்திலே ஆளுயர அட்டைச் சாவி. அறிவிப்பாளர் முழங்குகிறார், அரங்கம் ஆர்ப்பரிக்கிறது, வென்றவர் விம்மி அழுகிறார். வீட்டிலே அமர்ந்து பார்ப்போர் பெருமூச்செறிந்து சொல்கின்றனர்: "கொடுத்து வைத்தவர்!"

யார் கொடுத்து வைத்தவர்? எதைக் கொடுத்தார்? எவரிடம் வைத்தார்? இந்த மூன்று கேள்விகளையும் எவரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

கீரிப்பாறையிலிருந்து கேட்பது பொருத்தமாகவும் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவாரத்திலே, அரசு இரப்பர்க் கழகத்தின் தோட்டம் பரந்து கிடக்கும் ஊர் அது. கதிரவன் கண் விழிக்குமுன், தலையிலே விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நடக்கிறார் பால்வெட்டும் தொழிலாளி. பட்டையிலே கத்தி படுகிறது, வெட்டிய கோட்டின் வழியே வெண்பால் வழிகிறது, சிரட்டையிலே சொட்டுகிறது. அந்தப் பால் தகடாகி, தகடு டயராகி, டயரின் மேல் கார் ஓடுகிறது. உலகில் விளையும் இயற்கை இரப்பரில் பெரும்பகுதியை விழுங்குவது டயர்த் தொழில்தான்.

சிரட்டையிலே பால் நிறைந்திருந்தால் அது யோகம் என்று சொல்வாரா அத்தொழிலாளி? எந்த மரத்தை எவர் வெட்டினார் என்பதை அவர் அறிவார். வெட்டுப்படாத மரம் பால் தருவதில்லை. அந்த அறிவையே தொலைக்காட்சிக் காரின் மீதும் செலுத்துவோம். இந்தக் கார் எந்த மரத்தின் பால்?

கார் மேடைக்கு வரும் வழிகள் மூன்று. முதல் வழி: காரைச் செய்யும் நிறுவனம் விலையின்றித் தருகிறது, கைம்மாறாக, காரின் பெயர் ஒலிக்க வேண்டும், அதன் அழகைக் காட்டக் கேமரா சுற்றிவர வேண்டும். இரண்டாம் வழி: நிறுவனம் காரும் தருகிறது, அதற்கு மேல் பணமும் தருகிறது, நிகழ்ச்சியின் நெற்றியிலேயே தன் பெயரைப் பொறித்துக்கொள்கிறது. மூன்றாம் வழி: நிகழ்ச்சியை நடத்துவோர் விற்பனையாளரிடம் விலை குறைத்து வாங்குகின்றனர்; அந்தத் தொகையும் விளம்பர வருவாயிலிருந்தே வருகிறது. மூன்று வழியிலும் வள்ளல் ஒருவரையும் காணோம், வணிகரையே காண்கிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காரின் மதிப்பு இவ்வளவு என்று மேடையிலே அறிவிக்கப்படுவது கடைவிலை. நிறுவனத்துக்கு ஆகும் செலவோ அடக்கவிலை மட்டுமே. அந்தச் செலவுக்கு ஈடாக அது பெறுவது, இலட்சக்கணக்கான இல்லங்களிலே, ஐயமே எழாத ஓர் இன்ப வேளையிலே, தன் பெயர் ஒலிக்கும் வாய்ப்பு. சாதாரண விளம்பரம் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறோம். பரிசு வந்தாலோ இமை கொட்டாமல் பார்க்கிறோம்!

இந்தக் கலையைக் கடல் கடந்த நாட்டார் நெடுநாள் முன்பே கற்றுத் தேர்ந்தனர். அமெரிக்காவில் 1956இல் தோன்றி, 1972இல் புத்துருப் பெற்ற 'தி பிரைஸ் இஸ் ரைட்' என்னும் நிகழ்ச்சியிலே, பொருளின் விலையைச் சரியாகச் சொல்வதே ஆட்டம். விளையாட்டும் விளம்பரமும் அங்கே வேறு வேறல்ல, விலைப்பட்டியலையே வேடிக்கையாக்கிவிட்டனர். அதே நாட்டிலே, வினாடி வினாப் போட்டிகள் சிலவற்றில் விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து நாடகம் ஆடிய குட்டு, 1958லும் 1959லும் வெளிப்பட்டது. நாடு கொதித்தது. 1960இல் சட்டம் திருத்தப்பட்டது: பொருளோ பணமோ பெற்று ஒன்றைக் காட்டினால், பெற்றதை மக்களுக்குச் சொல்லியாக வேண்டும். நிகழ்ச்சியின் முடிவிலே நிறுவனப் பெயர்களை விரைந்து படித்துச் செல்லும் குரலுக்குப் பின்னால் இருப்பது நன்றியுணர்ச்சியன்று; சட்டத்தின் கட்டளை.

2004 செப்டம்பர் 13 அன்று, ஓப்ரா வின்ஃப்ரே தம் அரங்கில் இருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு போண்டியாக் கார் வழங்கினார். உலகமே வியந்தது. கார்களைத் தந்தது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம்; புதிதாய்ச் சந்தைக்கு வந்த காரின் பெயரை நாடெங்கும் பரப்புவது அதன் நோக்கம். சில நாளிலே, பெற்றவர்களுக்கு இன்னொரு செய்தி வந்தது: பரிசும் வருமானமே, வரி கட்டுக! ஒருவருக்கு ஏழாயிரம் டாலர் வரை வரி வரக்கூடும் என்று கணக்கிட்டனர். "இலவசக் கார்" என்ற சொல்லிலே "இலவசம்" எங்கே ஒளிந்துகொண்டது? அந்தப் போண்டியாக் பெயரையே 2010இல் அந்நிறுவனம் மூடிவிட்டது என்பது கதையின் கடைசி வரி.

நம் நாட்டுக்கு வருவோம். 1985 மார்ச் 10 அன்று மெல்போர்ன் திடலிலே ரவி சாஸ்திரிக்கு ஓர் ஆடி 100 கார் பரிசாகக் கிடைத்தது. வீரர்கள் அதன் மேல் ஏறித் திடலைச் சுற்றிவந்த காட்சியைத் தொலைக்காட்சி காட்டியது. போட்டியின் பெயரோ ஒரு சிகரெட்டின் பெயர்! ஆடி நிறுவனம் இந்தியாவிலே தனக்கெனக் கிளை அமைத்தது 2007இல். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயர் இந்நாட்டு இளைஞர் நெஞ்சிலே குடியேறிவிட்டது. ஒரு கார் செய்த வேலையைப் பாருங்கள்!

2000இல் தொடங்கிய 'கௌன் பனேகா குரோர்பதி'யிலே, அண்மைப் பருவங்களில் ஒரு கோடி வென்றவருக்குப் பணத்தோடு ஹூண்டாய் காரும் தரப்பட்டது. அந்த ஹூண்டாய் நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை 1998 முதல் நம் இருங்காட்டுக்கோட்டையிலே இயங்குகிறது. தமிழ்ப் பாட்டுப் போட்டியிலே வீடு பரிசு. கொடுப்பவர் வீடு கட்டி விற்பவர். கொடுக்கும் பொருள் எதுவோ, அதுவே கொடுப்பவர் விற்கும் பொருள். எந்தக் கார் நிறுவனமாவது தையல் பொறியைப் பரிசளித்துப் பார்த்ததுண்டா?

வரியும் இங்கே உண்டு. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், இத்தகைய போட்டிகளில் வெல்வதற்கு 30 விழுக்காடு வரி விதித்தது. ஏழையின் குறைந்த வருவாய்க்கு உண்டான விலக்கு இதற்கு இல்லை. பரிசு பொருளாக இருந்தால், வரி செலுத்தப்பட்டதை உறுதி செய்த பின்னரே பொருளைக் கையளிக்க வேண்டும் என்பது விதி. 10 இலட்ச ரூபாய்க் காரென்றால் 3 இலட்சம் எடுத்து வை! கொடுப்பவரே வரியை ஏற்றுக்கொண்டால் நல்லது. இல்லையேல் தோட்டத் தொழிலாளியின் மகன் வென்ற கார், தோட்டத்து வீட்டின் வாசலை மிதிக்குமுன் கடன்காரன் வாசலை மிதிக்கும்.

இனி, இந்நிகழ்ச்சிகளைக் கலை என்ற முறையிலே எடைபோடுவோம். நாடகத்துக்கு வேண்டிய அனைத்தும் இவற்றில் உண்டு. ஏக்கம் உண்டு, திருப்பம் உண்டு, கண்ணீர் உண்டு. போட்டியாளரின் வறுமை, தாயின் நோய், தந்தையின் கடன் ஆகியவை முன்னுரையாக வைக்கப்படுகின்றன. இருள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பளபளப்பு வேண்டுமல்லவா காருக்கு? நல்ல நாடகம் வறுமையைக் காட்டி, "இது ஏன்?" என்று கேட்கவைக்கும். இந்த நாடகமோ வறுமையைக் காட்டி, "இதோ கார்!" என்று கேள்வியின் வாயை அடைக்கிறது. அதுவே இதன் பெருங்குறை.

மொழியையும் இது விட்டுவைக்கவில்லை. விளம்பரதாரர்க்குத் தொலைக்காட்சி சூட்டிய பெயர் "வழங்குவோர்"! வழங்குதல் என்பது தமிழிலே உயர்ந்த சொல். முல்லைக் கொடி படரக் கொழுகொம்பின்றி வாடியது கண்டு, தன் தேரையே நிறுத்திச் சென்றான் பறம்புமலைப் பாரி. மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன். முல்லை அந்தத் தேரின் புகழ் பாடவில்லை. மயில் அந்தப் போர்வையின் விலை சொல்லவில்லை. பயன் கருதாமல் தந்தமையால் அன்றோ அவர்கள் வள்ளல்கள்? விற்பதற்காகத் தருகிறவரை வணிகர் என்று அழைப்போம், அதிலே இழிவொன்றுமில்லை. வள்ளல் என்று அழைத்தால்தான் சொல்லும் பொய்த்துவிடுகிறது, பொருளும் பொய்த்துவிடுகிறது.

"யாருக்கும் தீங்கில்லையே, ஒருவருக்குக் கார் கிடைத்ததே!" என்பர் சிலர். வென்றவர் மீது நமக்குப் பொறாமை இல்லை. அறிவால் வென்றவரை வாழ்த்துகிறோம். தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. விளம்பரச் செலவு அனைத்தும் பொருளின் விலையிலே ஏறுகிறது. கார் வாங்குவோர் மட்டுமன்று, நிகழ்ச்சியின் இடையிடையே வரும் சவர்க்காரமும் தேயிலையும் வாங்கும் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகின்றனர். வெட்டுப்படும் மரம் பார்ப்பவரே! அவரது பொழுது ஒரு பால். அவரது பணம் மற்றொரு பால். இரண்டும் வடிந்து நிறைந்த சிரட்டைதான் மேடையிலே நாடா கட்டி நிற்கிறது. ஆக, "கொடுத்து வைத்தவர்" என்னும் பட்டம் அந்த வணிகருக்கே பொருந்தும். இன்று ஒன்றைக் கொடுத்து, நாளை பலவாகத் திரும்ப வரும்படி வைத்தவர் அவரே.

தோழர்களே! தொலைக்காட்சியை உடைக்கச் சொல்லவில்லை நாம். பாருங்கள்; பார்க்கும்போது கேளுங்கள். அடுத்த முறை காரின் திரை விலகி, பக்கத்திலிருப்பவர் "தலையெழுத்து" என்று தொடங்கினால், அவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள்: எழுதியது தலையிலன்று, ஒப்பந்தத்தாளிலே, எழுதியவர் பிரமன் அல்லர், விற்பனை மேலாளர். அவ்வளவும் புரிந்த பின், கைதட்ட வேண்டுமென்றால், விடை சொன்னவரின் அறிவுக்குத் தட்டுங்கள். இன்னும் கொஞ்சம் தெம்பிருந்தால், விடியற்காலையில் மரத்தடியில் நின்று, அந்தக் காரின் நான்கு சக்கரங்களுக்கும் பால் வடித்தவருக்கும் சேர்த்துத் தட்டுங்கள். அவர் பெயரை எந்த அறிவிப்பாளரும் இதுவரை படித்ததில்லை.