கோமாளிகள்: வானொலிச் சிரிப்பும் கிழக்குக் கரையும்

ஈழத்துத் தமிழ் நகைச்சுவை பற்றிய நனவிடை தோய்தல்களில், இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' தொடருக்குத் தனியிடமுண்டு. எஸ். ராம்தாஸ் மரைக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் தோன்றிய அப்படைப்பு, 1976இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. இனங்கள் கூடிச் சிரித்த காலத்தின் சான்றாக அது இன்று நினைவுகூரப்படுகிறது. அந்நினைவு எத்துணை முழுமையானது என்பதே எமது வினா.

வானொலியில் குரலே பாத்திரம். எனவே பேச்சுவழக்கே சமூக அடையாளமாயிற்று. முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், பிராமணத் தமிழ், சிங்களம் தோய்ந்த தமிழ் என்பன ஒரே அரங்கில் மோதிக்கொண்டன. 1960களில் 'இழிசனர் வழக்கு' எனப் பண்டிதர் சிலர் இகழ்ந்த பேச்சுமொழி அரச வானொலியில் இடம்பெற்றமை முற்போக்கான நிகழ்வேயாம். முஸ்லிமல்லாத ராம்தாஸ் மரைக்காராகவும், முஸ்லிமான ஹமீத் ஐயராகவும் பேசியமை அதனினும் முக்கியமானது. மொழிவழக்கு பிறப்பால் வருவதன்று, பழக்கத்தால் வருவது என்பதை அது உணர்த்திற்று.

ஆயின் சிரிப்பு இருமுனை உடையது. பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1960களில் புகழ்பெற்று, பின்னர் திரைப்படமுமான 'டில் டெத் அஸ் டூ பார்ட்' தொடரை ஈண்டு ஒப்பிடலாம். அதன் ஆசிரியர் ஜோனி ஸ்பைட் இனத்துவேஷியான ஆல்ஃப் கார்னெட்டை எள்ளவே படைத்தார். யூதரான வாரன் மிச்சலே அப்பாத்திரத்தில் நடித்தார். எனினும் நேயர் பலர் கார்னெட்டை எள்ளாது, அவனோடு சேர்ந்தே சிரித்தனர். படைப்பாளியின் நோக்கம் மட்டும் சிரிப்பின் திசையைத் தீர்மானிப்பதில்லை.

இந்நோக்கில் அம்பாறைக் கரையோரத்தைக் கருதுதல் வேண்டும். திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட கோமாரி ஒரு தமிழ்க் கிராமம். பொத்துவிலோ முஸ்லிம்கள் பெருகிய ஊர். வடக்கே கல்முனை வரை தமிழூரும் முஸ்லிமூரும் மாறிமாறி அமைந்துள்ளன. 'மறுகா', 'கிறுகு' முதலிய சொற்கள் இரு சாராருக்கும் உரியன. இரு சாராரிடையும் போடியார் உண்டு, தாய்வழிக் குடிமுறை உண்டு, வயலுண்டு, கடலுண்டு. ஒரு சமூகத்துக்கு ஒரு வழக்கு என்ற கோமாளிகளின் சூத்திரம் இங்கே உடைந்துபோகிறது. நால்வருள் கிழக்குக் கரைத் தமிழ் பேசுவோர் ஒருவருமிலர். மரைக்காரில் வயலில் இறங்கும் முஸ்லிம் விவசாயியைக் காண்பதற்கில்லை.

1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரியூட்டப்பட்டது. 1990இல் வீரமுனையிலும் காத்தான்குடியிலும் வழிபாட்டிடங்களிலேயே மக்கள் கொல்லப்பட்டனர். இவற்றைச் சிரிப்பு தடுத்திருக்கும் என எதிர்பார்த்தல் பேதைமை. ஆயினும், வேறுபாடுகளை நடித்துக்காட்டிய எமது கலை, பொதுமையைப் போதியளவு நடித்துக்காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுதல் தகும். ஒற்றுமைக்கு நால்வர் நான்கு விதமாகப் பேச வேண்டுமென்பதில்லை. இரு சமூகத்தார் ஒரே தமிழைப் பேசிய ஊர்களும் எமது நினைவில் இடம்பெறுதல் வேண்டும்.